இலங்கையில் 0-2: பிட்ச் மேல் பழி போட்டு விட்டுவிடலாமா?

மஞ்சை மைதானம் (கடலூர்)

2024 ஜூலை கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் நம் அணி இலங்கை போய் ஆடிய தொடரைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை. டி20 மூன்றையும் ஜெயித்தோம். ஒருநாள் ஆட்டம் மூன்றில் ஒன்று டை, இரண்டு தோல்வி. 1997க்குப் பிறகு இலங்கை நம்மிடம் ஒருநாள் தொடரை ஜெயித்தது அதுதான் முதல் முறை. இங்கே மஞ்சக்குப்பத்தில் யாரிடம் பேச்சை எடுத்தாலும் "கொழும்பு பிட்ச் அப்படி, விடு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை.

இரண்டாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கு 241. ரோஹித்தும் கில்லும் 97 ரன் சேர்க்கும் வரை விக்கெட்டே விழவில்லை, அதுவும் 14 ஓவருக்குள். ரோஹித் 44 பந்தில் 64. அங்கிருந்து 147க்கு 6 விக்கெட். அந்த ஆறையும் எடுத்தவர் ஒரே ஆள், ஜெஃப்ரி வாண்டர்சே. ஹசரங்காவுக்குக் காயம் என்பதால் அணிக்குள் வந்தவர். 33 ரன் கொடுத்து 6 விக்கெட். நாம் 208க்கு ஆல் அவுட்.

என் கேள்வி பிட்ச்சைப் பற்றியது இல்லை. அந்த ஆட்டத்தில் நான்காவதாக இறங்கியது ஷிவம் துபே. ஐந்தாவது அக்சர். ஷ்ரேயஸ் ஐயர் ஆறாவது, ராகுல் ஏழாவது. 2023 உலகக் கோப்பையில் நான்காம் இடத்தில் 530 ரன் அடித்தவர் ஷ்ரேயஸ், ஐந்தாம் இடத்தில் 452 ரன் அடித்தவர் ராகுல். இருவரும் சேர்ந்து கிட்டத்தட்ட ஆயிரம் ரன் எடுத்துக் கொடுத்த இடத்தை ஒன்பது மாதத்தில் கலைத்துவிட்டார்கள். முதல் ஆட்டத்தில் நான்காவதாக வந்தது வாஷிங்டன் சுந்தர். ஒரே தொடரில் நான்காம் இடத்துக்கு இரண்டு புது ஆள்.

களத்தில் ஒருவர் இடது கை, ஒருவர் வலது கை என்று இடது-வலது ஜோடி வேண்டும் என்பதற்காகச் செய்தார்கள், தெரியும். ஆனால் சுழல் எடுக்கும் பிட்ச்சில் 240ஐத் துரத்தும்போது உங்கள் சிறந்த மிடில் ஆர்டர் ஆட்டக்காரர் உள்ளே வர நான்கு, ஐந்து விக்கெட் விழும் வரை காத்திருக்க வேண்டுமா? எல்லாரும் எழுதுங்கள். டி20 பக்கமும் வரலாம், ஆனால் எனக்கு முக்கியம் ஒருநாள்தான்.

உப்பளம் ஓப்பனர் (புதுச்சேரி)

அண்ணே, வரிசை பற்றிச் சொன்னது சரி. ஆனால் பிட்ச்சை இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. மூன்று ஆட்டத்திலும் டாஸ் ஜெயித்தது இலங்கைக் கேப்டன் அசலங்கா. மூன்றிலும் முதலில் பேட்டிங். பகலில் காய்ந்து, தேய்ந்து, ராத்திரி பந்து நின்று வரும் பிட்ச்சில் மூன்று முறையும் நாம்தான் துரத்தினோம். அவர்கள் ரன் பாருங்கள்: 230, 240, 248. எதுவும் பெரிய ஸ்கோர் இல்லை. அவர்களுக்கும் மேல்வரிசை ஆடவில்லை. முதல் ஆட்டத்தில் வெல்லாலகே கீழே வந்து 67 நாட் அவுட் எடுக்காமல் இருந்திருந்தால் 180, 190தான். இரண்டாவதிலும் அவரும் கமிந்து மெண்டிஸும்தான் தூக்கி நிறுத்தினார்கள்.

மொத்தத் தொடரில் நாம் இழந்தது 30 விக்கெட். அதில் 27 சுழலுக்கு. நான்காவது ஆளை மாற்றியதால் மட்டும் இப்படி ஆகாது. கோலி மூன்றாவதாகத்தானே இறங்கினார்? 24, 14, 20. மூன்று முறையும் எல்பிடபிள்யூ, அதாவது ஸ்டம்புக்குப் போகவேண்டிய பந்து காலில் பட்டு அவுட்.

பண்ருட்டிப் பலா

முதல் ஒருநாள் பற்றி யாருமே எழுதவில்லையே. எனக்கு இன்னும் ஆறவில்லை. இலக்கு 231. துபே ஒரு ஃபோர் அடித்து ஸ்கோரைச் சமமாக்கிவிட்டார். வேண்டியது ஒரு ரன். கையில் இரண்டு விக்கெட், இரண்டு ஓவருக்கு மேல் மிச்சம். பண்ருட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு டீக்கடையில் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைக்காரர் டிவியைப் பார்த்தபடியே கல்லாவை மூட ஆரம்பித்துவிட்டார், முடிந்துவிட்டது என்று. அசலங்கா பந்தில் துபே எல்பிடபிள்யூ. அடுத்து அர்ஷ்தீப் வந்தார். ஃபீல்டு முழுக்க உள்ளே நிற்கிறது. ஒன்றுமே செய்யவேண்டாம், கட்டை போட்டு நின்றாலே மறுமுனையில் இருப்பவர் பார்த்துக்கொள்வார். முதல் பந்தே மண்டி போட்டு லெக் பக்கம் வீசினார். பேடில் பட்டது. 230க்கு 230.

எதிரே நின்றவர் அசலங்கா. முதன்மையாக அவர் பேட்ஸ்மேன். அந்த ஆட்டத்தில் மூன்று விக்கெட் எடுத்துவிட்டார். அடுத்த ஆட்டத்தில் 20 ரன் கொடுத்து இன்னும் மூன்று. பகுதிநேர பந்துவீச்சாளருக்கு இரண்டு ஆட்டத்தில் ஆறு விக்கெட் கொடுத்தால் அதற்குப் பெயர் பிட்ச்சா?

லாஸ்பேட்டை லெக் ஸ்பின் (புதுச்சேரி)

கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் லீக் ஆட்டங்களில் லெக் ஸ்பின் போடுகிறவன். இந்தத் தொடரை ஒரு பந்துவீச்சாளர் கண்ணால் பார்த்தால் வேறொன்று தெரியும்.

பெரும்பாலானோர் "திரும்பி அவுட் ஆனார்கள்" என்று நினைக்கிறார்கள். எத்தனை எல்பிடபிள்யூ என்று பாருங்கள். கோலி ஒருவரே மூன்று. வலது கை ஆட்டக்காரருக்கு லெக் ஸ்பின்னும் இடது கை ஸ்பின்னும் வெளியே திரும்பும் பந்து. வெளியே திரும்பும் பந்தில் எல்பிடபிள்யூ சாதாரணமாக வராது. வந்தது என்றால் திரும்பாத பந்தில் வந்தது என்று அர்த்தம். வெல்லாலகே அதில் கெட்டிக்காரர். கிரீஸின் ஓரத்துக்குப் போய், கையைக் கொஞ்சம் தாழ்த்தி, பந்தின் தையலை (சீம்) பக்கவாட்டில் படுக்கவிட்டுப் போடுவார். ஒரே கை வேகம், ஒரே இடத்தில் குத்துகிறது. ஒரு பந்து சீமில் பட்டுத் திரும்புகிறது, அடுத்தது தோலில் பட்டு வழுக்கிக்கொண்டு நேராக வருகிறது. எது எது என்று போடுகிற அவருக்கே தெரியாது. அப்புறம் ஆடுகிறவர் கையைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பார்?

அப்படிப்பட்ட பிட்ச்சில் இரண்டே வழி. ஒன்று, நன்றாக முன்னால் போய், மட்டை பேடுக்கு முன்னே இருக்கும்படி, நேராக வரும் பந்துக்கு ஆடுவது. திரும்பினால் திரும்பட்டும், மட்டையில் படாமல் பீட் ஆகிப் போகட்டும். பீட் ஆவது அவுட் இல்லை. நம் ஆட்கள் செய்தது தலைகீழ். திரும்பும் என்று நினைத்து மட்டையை வெளியே கொண்டுபோனார்கள், பந்து உள்ளே பேடில் பட்டது. இரண்டாவது வழி, மண்டி போட்டு மட்டையைக் குறுக்கே வீசும் ஸ்வீப். பந்து எங்கே திரும்பும் என்ற கவலையே இல்லாமல், விழுந்த இடத்திலேயே மூடிவிடுவது. இலங்கையில் ஸ்வீப்பை எடுத்தவர் ரோஹித்தான். 58, 64, 35. மூன்று இன்னிங்ஸும் பந்துக்கு ஒன்றுக்கு மேல். இரண்டாவது ஆட்டத்தில் ரிவர்ஸ் ஸ்வீப்பில்தான் அவுட், நிசங்கா பாயிண்ட் பக்கம் பாய்ந்து பிடித்தார். மூன்றாவதிலும் ஸ்வீப்பில்தான் கீப்பர் கையில். ஆனாலும் அவர் ஆடியதுதான் சரி என்று நான் அடித்துச் சொல்வேன். அவர் இருந்தவரை பந்துவீச்சாளர்களுக்கு லென்த் பிடிபடவில்லை.

லாஸ்பேட்டையில் நாங்கள் வலையில் ஒன்று செய்வோம். மேட் விரிப்பில், குட் லென்த்தில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டுவிடுவோம். அந்தக் கட்டத்தில் விழுந்தால் ஸ்வீப்தான், வேறு ஷாட் கிடையாது. முதலில் எல்லாருக்கும் முழங்கையிலும் தாடையிலும் அடி விழும். முன்கால் மடங்குவதற்கு முன்பே தலை பக்கவாட்டில் சாய்ந்துவிடும், அதுதான் காரணம். தலை பந்துக்கு மேலே வந்தபின் மட்டை தானாக வரும். பழக வாரக்கணக்கில் ஆகும். டென்னிஸ் பாலில் வளர்ந்தவர்களுக்கு இன்னும் கஷ்டம், ஏனென்றால் அந்தப் பந்து எழும்பி வரும், மண்டி போட்டால் நெற்றிக்கு வரும். அதனால்தான் நம் பக்கத்துப் பையன்கள் எல்லாரும் நேராகத் தூக்கி அடிக்கிறார்கள், ஸ்வீப் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

உப்பளம் ஓப்பனர்

//பீட் ஆவது அவுட் இல்லை//

அருமை. ஆனால் தேவைப்படும் ரன் ரேட் ஐந்துக்கு மேல் போய்க்கொண்டிருக்கும்போது பீட் ஆகிக்கொண்டே நிற்கவும் முடியாதே?

லாஸ்பேட்டை லெக் ஸ்பின்

97க்கு விக்கெட்டே விழாத நேரத்தில் 36 ஓவரில் 144 ரன் தேவை. ஓவருக்கு நான்கு. 11 முதல் 40 ஓவர் வரை வட்டத்துக்கு வெளியே நான்கு பேர்தான் நிற்கலாம். ஒன்று இரண்டு ஓட இடம் தாராளமாக இருந்தது. அந்த அவசரமே தேவைப்படவில்லை.

துறைமுகம் (கடலூர் முதுநகர்)

இடது-வலது பற்றி ஒரு வார்த்தை. அதை ஒட்டுமொத்தமாகத் தப்பு என்று சொல்லாதீர்கள். வாண்டர்சேவும் வெல்லாலகேவும் வலது கைக்கு வெளியே திருப்புகிறவர்கள். இடது கை ஆள் உள்ளே இருந்தால் பந்து உள்ளே வரும், அடிக்க வாகு. தவிர ஒவ்வொரு சிங்கிளுக்கும் பந்துவீச்சாளர் லைனை மாற்றவேண்டும், ஃபீல்டர் இடம் மாறவேண்டும். நாங்கள் ஊர் டோர்னமெண்டில் ஆடும்போதே இதைப் பார்த்திருக்கிறோம், புதுப் பந்துவீச்சாளர் அந்தக் குழப்பத்திலேயே இரண்டு வைட் போட்டுவிடுவார்.

ஆனால் இலங்கையிடம் அதற்கும் பதில் இருந்தது. இடது கை ஆளுக்கு அசலங்காவும் தனஞ்சயாவும் ஆஃப் ஸ்பின் போட்டார்கள். கமிந்து மெண்டிஸ் இரண்டு கையாலும் போடுவார். பல்லேகலேயில் முதல் டி20யில் சூர்யகுமாருக்கு இடது கை, பந்த்துக்கு வலது கை. அப்படி ஒருவர் இருக்கும் அணியிடம் ஜோடி மாற்றி மட்டும் தப்பிக்க முடியுமா? நல்ல இடது கை பேட்ஸ்மேன் வேண்டும். இடது கை என்பது மட்டும் போதாது. துபே வேகப்பந்தாக இருந்தாலும் சுழலாக இருந்தாலும் நின்ற இடத்திலிருந்து தூக்கி அடிக்கிறவர். அவரை நடு ஓவர்களில் நிற்கவைத்து லெக் ஸ்பின்னைத் தட்டி ஓடச் சொன்னால் எப்படி?

நெய்வேலி நைட்வாட்ச்மேன்

எல்லாரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கம் நான் எழுதுகிறேன். கம்பீர் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற முதல் தொடர் அது. ஒரு மாதத்துக்கு முன்புதான் பிரிட்ஜ்டவுனில் டி20 உலகக் கோப்பையை ஜெயித்திருந்தோம். ரோஹித், கோலி, ஜடேஜா மூவரும் டி20யிலிருந்து விலகிவிட்டார்கள். அடுத்த பெரிய போட்டி 2025 சாம்பியன்ஸ் டிராபி. அதற்கு முன் நமக்கு இருந்த ஒருநாள் ஆட்டங்கள் எத்தனை? இலங்கையில் மூன்று, அப்புறம் பிப்ரவரியில் இங்கிலாந்துடன் மூன்று. அவ்வளவுதான். 2024ஆம் ஆண்டு முழுவதும் நாம் ஆடிய ஒருநாள் ஆட்டமே அந்த மூன்றுதான்.

அப்படியிருக்க, பரிசோதனையை வேறு எங்கே செய்வது? இருநாட்டுத் தொடர் வெளிநாட்டில் ஆடுவதே இதற்குத்தான். தோற்றாலும் கோப்பை போகாது. அக்சரை மேலே அனுப்பிப் பார்த்தார்கள். இரண்டாவது ஆட்டத்தில் அவர் 44 எடுத்தார், அன்று ரோஹித்துக்கு அடுத்து அவர்தான். ஏழு மாதம் கழித்து துபாயில், அதே சாம்பியன்ஸ் டிராபியில் என்ன நடந்தது? அக்சர் ஐந்தாம் இடம், ராகுல் ஆறாம் இடம். கோப்பையை எடுத்துக்கொண்டு வந்தோம். நியூஸிலாந்துடனான லீக் ஆட்டத்தில் 30 ரன்னுக்கு 3 விக்கெட் போனபின் அக்சரும் ஷ்ரேயஸும்தான் கட்டி எழுப்பினார்கள். இறுதி ஆட்டத்திலும் 252ஐத் துரத்தும்போது அதே ஜோடி நடுவில் நின்றது. கொழும்பில் விதைக்காமல் துபாயில் அறுத்திருக்க முடியாது.

மஞ்சை மைதானம்

நெய்வேலி அண்ணே, நீங்கள் சொல்வதில் பாதியை நான் மனதார ஏற்கிறேன். அக்சரை ஐந்தில் இறக்கியது அந்தத் தொடரின் நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் துபாயில் நான்காம் இடத்தில் யார்? ஷ்ரேயஸ். அந்தப் போட்டியில் நம் அணிக்கு அதிக ரன் அவர்தான், 243. கொழும்பில் ஆறாவதாக அனுப்பிய அதே ஆள். ஐந்தாம் இடத்தில் பரிசோதனை செய்யுங்கள், ஆறில் செய்யுங்கள். நான்கு என்பது வீட்டின் நடுத்தூண், அதை ஆட்டிவிட்டுக் கூரையைச் சோதிக்கக் கூடாது. என் வாதம் மொத்தமும் இதுதான்.

ஷ்ரேயஸ் கொழும்பில் நன்றாக ஆடினாரா என்றால் இல்லை. 23, 7, 8. ஆனால் ஐந்தாவதாக, ஆறாவதாக, எந்த நேரத்தில் இறங்குவோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவரின் ரன்னை வைத்து அவரை எடைபோட மாட்டேன்.

காலாப்பட்டு ஹாஸ்டல்

ஒரு விஷயம் யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன். ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை. அன்று ராத்திரி பல்லேகலேயில் ஆண்களின் இரண்டாவது டி20. அதே நாள், அதே நாட்டில், தம்புள்ளையில் பெண்கள் ஆசியக் கோப்பை இறுதி ஆட்டம். நம் அணி 165 அடித்தது. சமரி அத்தபத்து 61, ஹர்ஷிதா சமரவிக்ரம நாட் அவுட் 69. எட்டு விக்கெட் வித்தியாசத்தில் இலங்கை ஜெயித்தது. அந்த அணிக்கு அதுதான் முதல் ஆசியக் கோப்பை. எங்கள் ஹாஸ்டலில் பெண்கள் ஆட்டம் முடிந்தபின்தான் ஆண்கள் ஆட்டத்துக்கு மாறினோம்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், இலங்கை கிரிக்கெட் படுத்துவிட்டது, யார் போனாலும் ஜெயிக்கலாம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த நேரம் அது. 2017இல் அங்கே போய் ஒருநாள் தொடரை 5-0 என்று ஜெயித்தோம். அந்த நினைப்பிலேயே இருந்தோம். ஜெயசூர்யா இடைக்காலப் பயிற்சியாளராக வந்த முதல் தொடரிலேயே அந்த அணி எழுந்துகொண்டது. நம் தோல்வியைப் பற்றி இத்தனை எழுதுகிறோம், அவர்கள் ஜெயித்ததைப் பற்றியும் நாலு வரி எழுதலாம். வெல்லாலகேவுக்கு அப்போது 21 வயதுதான், கடைசி ஆட்டத்தில் 27 ரன்னுக்கு 5 விக்கெட். நாம் 138க்கு ஆல் அவுட், 110 ரன் வித்தியாசம். தொடர் நாயகன் அவர்தான். அவிஷ்கா ஃபெர்னாண்டோ அந்த ஆட்டத்தில் 96, நூறுக்கு நாலு குறைவு. அதே பிட்ச்தானே அவருக்கும்?

உப்பளம் ஓப்பனர்

தங்கச்சி கடைசி வரியில் என்னை மடக்கிவிட்டது :) ஆனாலும் அவிஷ்கா ஆடியது பகலில், புதுப் பிட்ச்சில். அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வில்லியனூர் வாத்தியார் (புதுச்சேரி)

தம்பிகளா, நல்ல விவாதம். இந்த ஒருநாள் ஆட்டங்கள் நடந்த கொழும்பு பிரேமதாசா மைதானத்தைப் பற்றிப் பேசும்போது நம் தமிழ்நாட்டுப் பையன்களை விட்டுவிடக் கூடாது.

2018 மார்ச், நிதாஹஸ் கோப்பை. இறுதி ஆட்டம் வங்கதேசத்துடன். அதில் விஜய் சங்கர் முஸ்தஃபிசுர் பந்தில் அடுத்தடுத்து பீட் ஆனதும், அவரை ஊரே திட்டியதும் நினைவிருக்கும். அப்புறம் தினேஷ் கார்த்திக் இறங்கினார். எட்டே பந்து, 29 ரன். கடைசிப் பந்தில் ஐந்து ரன் தேவை, சௌம்யா சர்க்கார் பந்தை எக்ஸ்ட்ரா கவருக்கு மேல் தட்டையாக அடித்த சிக்ஸ். அந்தத் தொடரின் நாயகன் யார் என்று கேட்டால் பாதிப் பேர் கார்த்திக் என்பார்கள். வாஷிங்டன் சுந்தர். எட்டு விக்கெட், அதுவும் பவர்பிளேயில் புதுப்பந்தைக் கையில் வைத்துக்கொண்டு. அப்போது அவருக்கு 18 வயது.

2024க்கு வாருங்கள். மூன்றாவது டி20. நாம் எடுத்தது 137தான். இலங்கை 110க்கு ஒரு விக்கெட் என்று போய்க்கொண்டிருந்தது. கடைசி இரண்டு ஓவரில் ஒன்பது ரன் போதும். 19வது ஓவரை ரிங்கு சிங் போட்டார், மூன்று ரன், இரண்டு விக்கெட். 20வது ஓவர் சூர்யகுமார், ஐந்து ரன், இரண்டு விக்கெட். டை. சூப்பர் ஓவரைப் போட்டது வாஷிங்டன். மூன்று பந்தில் இரண்டு விக்கெட், இரண்டு ரன். சூர்யகுமார் முதல் பந்தே ஃபோர். ஆட்ட நாயகன் வாஷிங்டன். ஒருநாள் தொடரிலும் இரண்டாவது ஆட்டத்தில் 30 ரன்னுக்கு மூன்று விக்கெட்.

இப்படிப்பட்ட பையனை ஒரு நாள் நான்காவது, அடுத்த நாள் எட்டாவது என்று ஏற்றி இறக்கினால் அவன் தன்னை என்ன என்று நினைத்துக்கொள்வான்? பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எல்லா வேலையும் தெரிந்த பையனைத்தான் எல்லாரும் எல்லா இடத்துக்கும் அனுப்புவார்கள். கடைசியில் அவனுக்கென்று ஓர் இடம் இருக்காது.

துறைமுகம்

வாத்தியார் சார் சொன்ன ரிங்கு, சூர்யகுமார் ஓவர்கள்தான் எனக்கு அந்தத் தொடரின் உச்சம். பேட்ஸ்மேன்களும் பந்து போடவேண்டும் என்பது அப்போதுதான் ஆரம்பித்தது. ரியான் பராக் முதல் டி20யில் ஐந்து ரன் கொடுத்து மூன்று விக்கெட். அந்த ஆட்டத்தில் இலங்கை 140க்கு ஒரு விக்கெட்டில் இருந்து 170க்குச் சுருண்டது. டி20 மூன்றிலும் இலங்கையின் பின்வரிசை சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தது. ஒரு வாரம் கழித்து அதே கதி நமக்கு.

பண்ருட்டிப் பலா

2021ஐயும் சொல்லுங்கள் சார். தவன் தலைமையில் இரண்டாம் அணி போனது, டிராவிட் பயிற்சியாளர்.

வில்லியனூர் வாத்தியார்

ஆமாம் தம்பி. முதல் அணி இங்கிலாந்தில் டெஸ்டுக்காக இருந்தது. இரண்டாவது ஒருநாள் ஆட்டத்தில் 276ஐத் துரத்தி 193க்கு 7. தீபக் சஹர் 69 நாட் அவுட், புவனேஷ்வருடன் சேர்ந்து முடித்துவைத்தார். ஒருநாள் தொடரை 2-1 என்று ஜெயித்தோம். டி20யில் குருணாலுக்குக் கொரோனா வந்து, அவரோடு பழகியவர்கள் எல்லாம் தனிமைக்குப் போய், பந்துவீச்சாளர்கள் பேட்டிங் வரிசையில் மேலே வரும் நிலை. கடைசி ஆட்டத்தில் 20 ஓவரில் 81தான். ஹசரங்கா ஒன்பது ரன்னுக்கு நான்கு விக்கெட், அன்று அவருடைய பிறந்தநாள் வேறு. வருண் சக்கரவர்த்தி இந்திய அணிக்கு முதல் முறை ஆடியதும் அந்தத் தொடரில்தான்.

நான் அதில் பார்ப்பது வேறு. அந்த இரண்டாம் அணியும் பிரேமதாசாவில்தான் ஆடியது. சஹர் அன்று என்ன செய்தார்? ஹசரங்காவின் ஓவர்களைச் சும்மா தட்டிவிட்டு, மற்றவர்களை அடித்தார். மட்டையைப் பிடிப்பது அவர் தொழிலே இல்லை. அவருக்குத் தெரிந்தது 2024இல் பெரிய பெயர்களுக்குத் தோன்றவில்லை.

நெய்வேலி நைட்வாட்ச்மேன்

சார், வருண் பெயரை எடுத்ததால் ஒன்று சேர்க்கிறேன். 2021இல் டி20 ஆடியவருக்கு ஒருநாள் தொப்பி கிடைத்தது 2025 பிப்ரவரியில், கட்டாக்கில். ஒரு மாதத்துக்குள் துபாயில் நியூஸிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5 விக்கெட். நான்கு ஸ்பின்னர்களோடு ஆடலாம் என்ற துணிச்சல் எங்கிருந்து வந்தது? மெதுவான பிட்ச்சில் இலங்கை ஐந்து, ஆறு ஸ்பின் கைகளை வைத்துக்கொண்டு நம்மை எப்படி முடக்கியது என்று நேரில் பட்டதால்தான். அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன், அந்தத் தோல்வி வீண்போகவில்லை.

மஞ்சை மைதானம்

பந்துவீச்சுப் பக்கம் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. பேட்டிங் பக்கம் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் :) தோல்வியிலிருந்து கற்றது நல்லது. ஆனால் ஏற்கெனவே தெரிந்ததை மறுபடி கற்பதற்கு ஒரு தொடரை ஏன் கொடுக்கவேண்டும்? ஷ்ரேயஸ் நான்கு என்பது 2023லேயே எழுதி முடித்த விடை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இலங்கையில் மூன்றாவது ஆட்டத்துக்கு ராகுலை எடுத்துவிட்டு பந்த்தைக் கொண்டுவந்தார்கள். அர்ஷ்தீப்புக்குப் பதில் பராக், அதுதான் அவருடைய முதல் ஒருநாள். பந்து போட்டு மூன்று விக்கெட் எடுத்தார், சரி. ஆனால் தொடரைச் சமன் செய்யவேண்டிய ஆட்டம் அது. சாய் சுதர்சன் என்று ஒருவர் 2023 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் முதல் இரண்டு ஒருநாள் ஆட்டத்திலும் அரைசதம் போட்டார். இடது கை. சுழலைக் காலை நகர்த்தி ஆடுகிறவர். மேல்வரிசைக்கு இடது கை தேவை என்றால் அவரை ஏன் யாருக்கும் நினைவு வரவில்லை? நம் ஊர்க்காரர் என்பதற்காகக் கேட்கவில்லை.

உப்பளம் ஓப்பனர்

நம் ஊர்க்காரர் என்பதற்காகவும் கேட்கலாம் அண்ணே, தப்பில்லை. புதுச்சேரிக்கு ரஞ்சியில் ஆட இடம் கிடைத்ததே 2018-19இல்தான். துத்திப்பட்டு மைதானத்தில் நல்ல டர்ஃப் விக்கெட் இருக்கிறது. அங்கே ஆடும் பையன்களில் ஒருவன் என்றைக்காவது இந்தியச் சட்டை போட்டுக் கொழும்பில் இறங்கவேண்டும் என்பது எனக்கும் ஆசை. அதற்கு ஸ்பின் ஆடக் கற்கவேண்டும். லாஸ்பேட்டை நண்பர் சொன்ன சாக்பீஸ் கட்டத்தை எங்கள் உப்பளம் பையன்களிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 2025 ஜூலையில் ஒருநாள் ஆட்டத்தில் பந்து விதியை மாற்றினார்களே, இனி இலங்கை போனால் இது நமக்கு இன்னும் கஷ்டமா?

லாஸ்பேட்டை லெக் ஸ்பின்

ஆமாம் என்றுதான் சொல்வேன். முன்பு இரண்டு முனைக்கும் ஆளுக்கொரு புதுப்பந்து, ஐம்பது ஓவரும். 50வது ஓவரில்கூட ஒவ்வொரு பந்தும் 25 ஓவர்தான் தேய்ந்திருக்கும். இப்போது 34 ஓவர் வரை இரண்டு பந்து. 35இலிருந்து அந்த இரண்டில் ஒன்றைப் பந்துவீசும் அணி தேர்ந்தெடுத்து, கடைசி வரை அதையே இரு முனையிலும் பயன்படுத்தவேண்டும். ஏற்கெனவே 17 ஓவர் ஆடிய பந்து, மேலே 16 ஓவர். கடைசியில் 33 ஓவர் பழசு. கொழும்பு மாதிரி சொரசொரப்பான பிட்ச்சில் அது நன்றாகத் தேய்ந்து மிருதுவாகிவிடும். அடித்தாலும் சீக்கிரம் எல்லைக்கு ஓடாது. கடைசி பத்து ஓவரில் ஸ்பின்னரைக் கொண்டுவர இப்போது பயமில்லை, ரிவர்ஸ் ஸ்விங்கும் வரலாம்.

அதனால் "முதலில் நின்று ஆடிவிட்டுக் கடைசியில் அடித்துக்கொள்ளலாம்" என்பது அங்கே இன்னும் செல்லாது. பந்து கெட்டியாக இருக்கும் முதல் 15 ஓவரில் ரோஹித் ஆடியதுபோல் ஆடவேண்டும், 15க்கும் 35க்கும் நடுவில் ஒன்று இரண்டாக எடுத்து விக்கெட்டைக் காக்கவேண்டும்.

மஞ்சை மைதானம்

அந்த 15 முதல் 35க்கு யாரை இறக்குவீர்கள்?

லாஸ்பேட்டை லெக் ஸ்பின்

ஷ்ரேயஸ். அடுத்து அக்சர். அப்புறம் ராகுல். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் அண்ணே :)

நெய்வேலி நைட்வாட்ச்மேன்

ஐந்தில் அக்சர் என்றால் நானும்தான் ஜெயித்தேன்.